உடுவில் கிணற்றுப் பேயின் ஏழு நிமிடம்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு மடிக்கணினி, அப்புறம் மூன்று துண்டுகளால் பச்சைக் குழந்தை மாதிரி சுற்றி வைத்திருந்த ஒரு டெக். வீடியோ கேசட் ஓட்டும் அந்தக் காலத்துக் கறுப்பு டெக்தான். அவர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இது இன்னும் உயிரோடை இருக்கோ எண்டு கேக்கிறார்."

"இருக்கு சார், நல்லா ஓடும்" என்றேன்.

கிளம்பிய சென்னை விமான நிலையத்தில் இதைவிட மோசம். "எங்க அப்பா காலத்துல வெளிநாட்டுலேர்ந்து இதை ஒளிச்சு எடுத்துட்டு வருவாங்க. நீங்க என்ன சார், இங்கேர்ந்து எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டு, பெட்டியைச் சோதித்த பையன் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். அருங்காட்சியகத்துக்கு வந்த மாதிரி வரிசையில் நின்று பார்த்தார்கள்.

நான் திருச்சிக்காரன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். முப்பது வருடமாகப் பேய்ப்படம் சேர்க்கிறேன். சும்மா பேய்ப்படம் இல்லை, தணிக்கையில் வெட்டுப்பட்ட பேய்ப்படங்களின் வெட்டுப்படாத பிரதி. முதலில் கேசட்டாகச் சேர்த்தேன். கேசட்டில் பூஞ்சை பிடித்ததும் விசிடிக்குப் போனேன். விசிடி பாதிப் படத்தில் கட்டம்கட்டமாக உடைந்து நின்றது, டிவிடிக்குப் போனேன். டிவிடிக்காரன் அட்டையில் 'முழுப்படம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மூன்று படத்தை ஒரே தட்டில் திணிப்பதற்காக ஒவ்வொன்றிலும் அரைமணி நேரத்தைக் கத்தரித்திருந்தான். இப்போது எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது. செத்து நூறு வருடமான ஜமீன்தார் பேய் சுருட்டுப் பிடித்தால் கீழே 'புகைபிடித்தல் உயிரைக் கொல்லும்' என்று எழுத்து ஓடுகிறது. யாரிடம் போய் அழுவது? ஒவ்வொரு புது வடிவம் வரும்போதும் கத்தரிக்கோலோடு ஒருவன் கூடவே வந்துவிடுகிறான். என் அலமாரிக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் 'பேய் ஹாஸ்டல்'.

அந்த ஹாஸ்டலில் சேராமல் இருந்தது ஒரே ஒரு பேய். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், தயாரிப்பாளரின் மகனுக்கு வழக்குப் போடுவதில் ஆர்வம் அதிகம். எண்பதுகளில் வந்த தமிழ்ப்படம். கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட புதுப்பெண் பேயாக எழுந்து வருகிறாள். போஸ்டர் முழுக்கப் பேய், படத்தில் பேயே கிடையாது! தணிக்கையில் கிணற்றுக் காட்சியை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கதாநாயகன் கிணற்றை எட்டிப் பார்ப்பான், அடுத்த நொடி பொழுது விடிந்து இட்லி தின்றுகொண்டிருப்பான். வெட்டிய சுருள் என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓடிய வீடியோவில் அந்த ஏழு நிமிடமும் முழுசாக இருந்தது என்று சேகரிப்பாளர்கள் மத்தியில் ஒரு பேச்சு. அதைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியைப் பிரதியெடுத்து, மழையில் நனைந்த செய்தித்தாள் மாதிரி ஆகிவிட்ட இரண்டு நிமிடம் மட்டும் ஒரு விசிடியில் எனக்குக் கிடைத்தது. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி ஒரு சிற்றிதழில் பதினான்கு பக்கம் எழுதினேன். புத்தி இருப்பவன் எழுதியிருக்கமாட்டான்.

கட்டுரையைப் படித்துவிட்டு டொரண்டோவிலிருந்து டானியல் என்பவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். "ஐயா, அந்தக் காட்சியின்ரை மூலக் கசெற் உடுவிலிலை என்ரை மாமி வீட்டிலை கிடக்கு. காலமாகிப்போன எங்கடை அப்பாதான் அந்தப் படத்தை வைச்சு ஊரையே பேய்க்காட்டினவர். மாமியிட்டை இப்ப ஓடுற டெக் இல்லை. நீங்கள் ஒண்டு கொண்டுபோனால் கசெற்றைத் தருவா." ஊருக்கே பேயைக் காட்டியவர்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே சென்னை நண்பர்களுக்குச் சொல்லி, அடுத்த மாதம் ஏழு நிமிடத்தையும் திரையிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. இனி கேசட் இல்லாமல் திரும்பினால் என் மூஞ்சியில் எவனும் விழிக்கமாட்டான்.

முதல் நாள். மாமி என்கிற கிரேஸ் டீச்சர் வெளியூர்க் கலியாணம் ஒன்றுக்குப் போயிருக்கிறார், மூன்றாம் நாள்தான் வீட்டில் இருப்பார் என்று தகவல். சரி, ஊரைப் பார்ப்போம் என்று ஓட்டோ பிடித்தேன். ஓட்டிய நேசன் குருநகர்க்காரர். கண்ணாடியில் அந்தோனியார் படம், அதற்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம். இரண்டு பக்கமும் காப்பீடு. பேச ஆரம்பித்ததும் நான் மெய்மறந்து, "உங்க தமிழ் கேட்கவே எவ்வளவு சுகமா இருக்கு, சுத்தத் தமிழ்!" என்றேன்.

"இந்தியாவிலை இருந்து வாற எல்லாரும் உதைத்தான் சொல்லுகினம் அண்ணை" என்றார் நேசன். "சொல்லிப்போட்டு, இப்ப என்ன சொன்னனீர் எண்டு திரும்பக் கேக்கினம்."

நான் அடுத்ததாகக் கேட்கவிருந்ததும் அதுதான்.

காலையில் இடியப்பமும் சொதியும். எங்கள் ஊரில் சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து ஊற்றுவார்கள், யார் வேண்டாம் என்றாலும் ஊற்றுவார்கள். இங்கே தேங்காய்ப்பாலில் செய்த மஞ்சள் சொதி. முதல் வாயில், இது என்ன நோயாளி சாப்பாடு என்று நினைத்தேன். பதினோராவது இடியப்பத்தில் அந்த நினைப்பை வாபஸ் வாங்கினேன். வெளியே ஒரு பாண் ஓட்டோ பியானோ மெட்டு ஒன்றைக் கீச்சுக்குரலில் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போயிற்று. ரொட்டி விற்க இத்தனை சோகமான சங்கீதம் எதற்கென்று தெரியவில்லை.

நகரத்தில் கைப்பேசி உறையும் பென்டிரைவில் படமும் விற்கிற ஒரு கடைக்கு நேசன் கூட்டிப்போனார். "பழைய பேய்ப்படம் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் பேய்ப்படம்தானே ஐயா. உங்கடை நாட்டிலை இருந்து வேறை என்ன வருகுது?" பத்துப் படத்தை ஏற்றிக் கொடுத்தார். அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒன்றில்கூடப் பேய் இல்லை. ஒருவர் அறுபது பேரை அடிக்கிறார், தங்கச்சிக்காக அழுகிறார், மறுபடி அறுபது பேரை அடிக்கிறார். சாயங்காலம் நேசனிடம் சண்டைக்குப் போனேன்.

அவர் ஹாண்டிலில் தலையை வைத்துச் சிரித்தார். "அண்ணை, இஞ்சை பேய்ப்படம் எண்டா விசர்ப்படமும்தான். பேயன் எண்டா மொக்கன், மூளையில்லாதவன். கடைக்காரர் பிழையாச் சொல்லேல்லை, பாத்தனீங்கள்தானே?"

பார்த்தேன்தான்.

இரண்டாம் நாள் வல்வெட்டித்துறை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து படக் கேசட்டுகளைப் படகில் கொண்டுவந்த மணியண்ணை அங்கே இருக்கிறார், அவரையும் பாருங்கள் என்று டானியல் எழுதியிருந்தார். டெக்கை அறையில் விட மனசு வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். வல்லை வெளியில் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் வெட்டவெளி, உப்புத்தண்ணீர், காற்று. எல்லாரும் இறங்கி நின்றோம். என் முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"முந்தி உந்த வெளியிலை பேய் உலாவுறதெண்டு எங்கடை அம்மா சொல்லுவா."

"இப்ப இல்லையோ?"

"இப்ப எங்கை? அதுகளும் கனடாவுக்குப் போட்டுதுகள்."

எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் டிரைவருக்கும் பயணிகளுக்கும் கைகலப்பு ஆரம்பித்திருக்கும். இங்கே கண்டக்டர் டயரைக் கழற்ற, ஒருவர் குடை பிடித்தார், இன்னொருவர் எல்லாருக்கும் முறுக்கு கொடுத்தார். ஒரு அம்மா என் டெக்கைத் தட்டிப் பார்த்து, "ரேடியோவோ ஐயா? செய்தி என்னவாம்?" என்று கேட்டார்.

மணியண்ணைக்கு எழுபத்தைந்து வயது, நெஞ்சு கடற்பக்கத்துப் பாறை மாதிரி. கொட்டிலில் வலை இல்லை, மீன் இல்லை, பேரன் வாங்கிக்கொடுத்த பெரிய டிவி இருந்தது. வந்த காரியத்தைச் சொன்னேன். "ஓம், அந்தப் படத்தை நான்தான் கொண்டுவந்தனான்" என்றார். "சீலை, சோப்பு, கசெற் எல்லாம் ஒண்டாக் கட்டிக்கொண்டு வாறது. சீலன் எண்டு உடுவில் பெடியன், கலியாண வீடியோ எடுக்கிறவன், என்னட்டைத்தான் வாங்கினவன்."

"அது வெட்டாத பிரதிதானே?"

"ஆர் சொன்னது? வெட்டினதுதான். அதிலை பேயே இல்லைத் தம்பி. அவனும் எனக்கு ஏசினவன், பேயில்லாத பேய்ப்படத்தைத் தந்திட்டீங்கள் எண்டு."

"இல்லண்ணே, சீலன் ஊருக்கே பேய் காட்டினார்னு அவர் பையன் டானியலே எழுதியிருக்காரே" என்று கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்து நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, மருமகள் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"தம்பி, பேய்க்காட்டுறது எண்டால் பேயைக் காட்டுறதில்லை. ஏமாத்துறது! சீலன் ஊரை ஏமாத்தினவன் எண்டெல்லோ மோன் எழுதியிருக்கிறான்!"

நண்டுக்கறி வைத்தார்கள். நல்ல நண்டுக்கறி என்று பிறகு நினைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது எனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. எப்படி ஏமாற்றினார் என்று கேட்டதற்கு, "அதைத் தமக்கையிட்டைக் கேளுங்கோ. எனக்கும் தெரியாது, என்னையும் சேத்துத்தான் பேய்க்காட்டினவன்" என்றார் மணியண்ணை. திரும்பும் பஸ்ஸில் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். 'தமிழ்த் திகில் சினிமாவின் தொலைந்த ஏழு நிமிடங்கள், முதன்முறையாக.' அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

மூன்றாம் நாள் உடுவில். தோட்டங்களுக்கு நடுவே ஒழுங்கை, வேலிக்குப் பின்னால் ஓட்டுவீடு. கிரேஸ் டீச்சர் பெண்கள் கல்லூரியில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர், ஆனால் சேலை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. கூடத்தில் ஹார்மோனியம், வேதவசன நாட்காட்டி. உட்காரச் சொன்னார். பற்றிஸும் கேக்கும் பிளேன் ரீயும் வந்தன. கையை நீட்டினேன். "ஜெபிச்சுப்போட்டு" என்றார். கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்லி, பிரயாணம் பண்ணி வந்த தம்பிக்காகவும், தம்பி கொண்டுவந்த கருவி பழுதில்லாமல் ஓடவேண்டும் என்பதற்காகவும் மன்றாடினார். என் டெக்குக்காக ஜெபித்த முதல் ஆள் அவர்தான்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துவைத்தார். என் கட்டுரை. டானியல் அனுப்பியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"பதினேழு எழுத்துப்பிழை" என்றார். "அது கிடக்கட்டும். மற்றப் பிழையளைப் பாருங்கோ."

அந்த இரண்டு நிமிடத்தில் பேய் கிணற்றிலிருந்து எழுந்து 'என்ரை தாலி எங்கை?' என்று கேட்கும். இரைச்சலுக்கு நடுவே அந்த 'என்ரை'யைக் கேட்டு நான் புல்லரித்துப்போயிருந்தேன். 'இறந்தவளின் மொழி நம்முடையதைவிட மூத்தது. இயக்குநர் ஒரே சொல்லில் பேயைச் சங்ககாலத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்' என்று மூன்று பக்கம். பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையில்: 'இது நான் கதைக்கிற தமிழ்.'

அடுத்த பக்கம். பேய்க்குப் பின்னால் வானத்தில் சாய்ந்து நிற்கும் தூக்குமரம் பற்றி நான் எழுதியது. ஓரத்தில்: 'துலா. தண்ணி அள்ளுறது.'

அதற்கடுத்து, பேயின் மணிக்கட்டில் தெரியும் வெள்ளை வளையம், 'காலத்தின் விலங்கு'. ஓரத்தில்: 'மணிக்கூட்டைக் கழட்டிப்போட்டு நிண்டனான். வெயிலிலை கை கறுத்திருந்தது.'

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். டீச்சர் கேக்கை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களா?" என்றேன்.

"ஓம், நான்தான் பேய்."

கதை இவ்வளவுதான். தம்பி சீலன் பேயில்லாத படத்தைப் போட்டுக் காட்ட, சனம் எழும்பி நின்று கத்தியது. சீலனிடம் கலியாண வீடியோ எடுக்கிற கமெரா இருந்தது, இரண்டு டெக் இருந்தது. அடுத்த ஞாயிறு, சேர்ச் முடிந்து வந்த அக்காவை அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கட்டவைத்து, முகத்தில் அரிசிமாவைப் பூசி, தோட்டக் கிணற்றுக்குள் இறக்கினார். கமெராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடிப் பேப்பரைப் பிடித்துப் பட்டப்பகலை இருட்டாக்கினார். எடுத்ததைப் படத்துக்கு நடுவில் சேர்த்து, 'வெட்டாத கொப்பி' என்று சொல்லி ஊர் ஊராக ஓட்டினார். கொப்பி எடுத்தவர்கள் கொப்பி எடுத்தார்கள், அதில் ஒன்று எப்படியோ கடல் தாண்டி என் கைக்கு வந்தது.

"ஒருத்தருக்கும் உங்களை அடையாளம் தெரியலையா?"

"மாவுக்குள்ளை ஆரைத் தெரியும்? இந்தியாவிலை இருந்து வந்த நடிகை எண்டுதான் எல்லாரும் நம்பினவை. போதகர் பிரசங்கத்திலையே கண்டிச்சவர், உந்தமாதிரிப் பொம்பிளையளைப் பாக்காதேங்கோ எண்டு. நான் முன்வரிசையிலை இருந்து ஆமென் சொன்னனான்." டீச்சர் சிரிக்கவில்லை. "என்ரை அவருக்கு அப்ப என்னைக் கலியாணம் பேசியிருந்தது. படம் பாத்துப்போட்டு அவருக்கு மூண்டு நாள் காய்ச்சல். சாகும்வரைக்கும் அந்தாள் அந்தக் கிணத்தடிக்குத் தனியப் போகேல்லை. நானும் சொல்லேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடத் தேடல், பதினான்கு பக்கம், அழைப்பிதழ்! ஆனால் பேயே எதிரில் உட்கார்ந்து கேக் பரிமாறும்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? "அப்ப எதுக்கு டீச்சர் என்னை வரச்சொன்னீங்க?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

டீச்சர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். அதற்குள் கேசட்.

"எனக்குப் பேய் வேண்டாம் தம்பி. இதிலை சீலன்ரை குரல் கிடக்கு. அவன் ஊரிலை எல்லாற்றை கலியாணத்தையும் எடுத்தவன், அவனை ஒருத்தரும் எடுக்கேல்லை. பிறகு ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்திலை செல் குண்டு விழுந்தது. டானியலுக்கு அப்ப ஒரு வயசு. இடம்பெயரேக்கை மற்றக் கசெற்றெல்லாம் துலைஞ்சு போட்டுது. இது ஒண்டுதான் மிச்சம். எனக்கு அவன்ரை குரலை ஒருக்காக் கேக்கோணும். பிறகு நீங்கள் என்னவும் செய்யுங்கோ."

கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாடா நெடுக வெள்ளைப் பூஞ்சை. இது ஒருமுறை ஓடும், இரண்டாம் முறை ஓடுமா என்பது டீச்சருடைய ஆண்டவருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னேன். "ஒருக்காக் காணும், அது போதும்" என்றார்.

மூடியைத் திருகிக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, சாயங்காலம்வரை நாடாவை அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன். டீச்சர் எதிரில் உட்கார்ந்து பஞ்சு உருட்டித் தந்தார். காய்வதற்கு விட்டுவிட்டுக் கிளம்பும்போது, "நாளைக்குக் காலமை கீரிமலையிலை முழுகிப்போட்டு வாங்கோ. உங்கடை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

நான்காம் நாள் காலை கீரிமலைக் கேணியில் முழுகினேன். கடலுக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். பக்கத்தில் முழுகியவர் நான் இந்தியா என்று தெரிந்ததும், "உங்கடை நாட்டிலை இப்பிடிக் குளம் இருக்கோ?" என்றார். இருக்கிறது, ஆனால் முழுகினால் தோல் வைத்தியரைப் பார்க்கவேண்டும் என்றேன். நேசன் கரையில் நின்றபடி, "அண்ணை, பேய் காத்துக்கொண்டிருக்கும், வாங்கோ" என்று கத்தினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

உடுவிலில் டெக்கிலிருந்து மடிக்கணினிக்கு வயரைப் போட்டேன். ஓடும்போதே பதிவாகிவிடும். டீச்சர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கேசட்டை உள்ளே தள்ளினேன். டெக் அதை விழுங்கிவிட்டு, கறகறவென்று யோசித்தது. நானும் ஜெபித்தேன், எந்தச் சாமியிடம் என்று ஞாபகமில்லை.

படம் வந்தது. நீல இருட்டு. கிணற்றுக்கட்டு. கட்டின்மேல் ஒரு கை, மணிக்கட்டில் வெள்ளை வளையம். பிறகு ஈரக் கூந்தல், பிறகு அந்த முகம். மொத்த உண்மையும் தெரிந்த பிறகும், பட்டப்பகலில், அந்தப் பேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்த பேய்களில் அதுதான் நல்ல பேய். சீலன் யாரையும் ஏமாற்றவில்லை. தணிக்கைக்காரர்கள் எடுத்துக்கொண்டதை ஊருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஏழு நிமிடம். கடைசியில் பேய் கமெராவுக்கு நேராக வந்து, 'என்ரை தாலி எங்கை?' என்றது.

சீலன் ஓட்டிய படத்தில் காட்சி அங்கே முடிந்துவிடும். மூலக் கேசட்டில் முடியவில்லை. பேயின் உதடு துடித்தது, பிறகு விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கியது. கமெராவுக்குப் பின்னாலிருந்து ஓர் இளம்குரல்.

"அக்கா! சிரிக்காதேங்கோ! பேய் சிரிக்குமே? திரும்ப எடுக்கோணும், கிணத்துக்குள்ளை இறங்குங்கோ!"

"போடா! தண்ணி குளிருது!"

"எனக்கு உங்களைப் பாக்கப் பயமே வரேல்லை அக்கா, சனத்துக்கு எப்பிடி..."

குரல் பாதியில் நின்றது. தூரத்தில் ஒரு சத்தம், படபடவென்று கிட்டவருகிற சத்தம். பேய் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. மாப்பூசிய அந்த முகத்தில் வந்த பயத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு பேய் ஓடியது. ஓடிக்கொண்டே அலறியது: "ஹெலி! சுடப்போறாங்கள்! கமெராவை விடடா! சீலன், ஓடிவாடா!" கமெராவின் முன் ஒரு நொடி ஒரு முகம், பக்கவாட்டில், இருபது வயது இருக்கும், மெல்லிய மீசை. பிறகு வானம், வாழை, மண், இருட்டு.

நாற்பத்தொரு வினாடி. டெக் நாடாவை மென்று துப்பி நின்றுவிட்டது. பரவாயில்லை, எல்லாம் பதிவாகிவிட்டது.

டீச்சர் மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார், கிணற்றிலிருந்து அல்ல, சிரிப்பிலிருந்து. மூன்றாம் முறை "சீலன்" என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நானும் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

"பேயை நீங்கள் கொண்டுபோங்கோ" என்றார். "ஆர் எண்டதையும் சொல்லுங்கோ, இனி எனக்கென்ன பயம்? ஆனா மிச்சத்தை வெட்டிப்போடுங்கோ."

"டீச்சர், அதுதான் இதுல பெரிய விஷயமே! அதை எப்படி வெட்டுறது? முப்பது வருஷமா வெட்டுறவனையெல்லாம் திட்டிட்டிருக்கிறவன் நான்."

"பேய் ஊருக்கெண்டு எடுத்தது. இது எங்கடை வீட்டுச் சாமான். அவன் ஓடினதை உங்கடை சனம் கதிரையிலை இருந்து பாக்கவேண்டாம்."

நான் தணிக்கை, வரலாறு, ஆவணம் என்று ஏதேதோ சொன்னேன். கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப நான் வெட்டுறன். எந்தக் கட்டையை அமத்தோணும், காட்டுங்கோ" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அப்புறம் நானே வெட்டினேன். "இன்னும் கொஞ்சம் முன்னாலை" என்றார். "இன்னும் கொஞ்சம். ஓம், வாய் சிரிக்க வெளிக்கிடுது பாருங்கோ, அதிலை." நாற்பத்தொரு வினாடியை ஒரு பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, என் மடிக்கணினியிலிருந்து அழித்தேன். அழித்ததைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னார். கணக்கு டீச்சர் இல்லையா!

சென்னையில் ஒரு நாட்டியப் பள்ளியின் கூடத்தில் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். திரையிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கட்டுரை தவறு, பேய் உடுவில் டீச்சர், தூக்குமரம் துலா. சீலன் யார், எப்படிச் செத்தார் என்பதையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "யாழ்ப்பாணத்துல உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க சார். கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு இந்த ஷாட் வருமா? இது டைரக்டரோடதேதான்" என்றார் எழும்பூர்க்காரர் ஒருவர். உங்கள் கட்டுரைதான் சரி, நீங்கள்தான் தவறு என்று என்னிடமே ஒருவர் வாதாடினார்.

ஏழு நிமிடம் ஓடி முடிந்தது. கைதட்டினார்கள். விளக்கைப் போட்டதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார்: "கடைசியில பேய் உதடு அசையுது சார், சிரிக்க வர்ற மாதிரி. கரெக்டா அங்க கட் ஆகுது. எந்தப் படுபாவி சார் அதை வெட்டினான்?"

"நான்தான்" என்றேன்.